கேள்வி – பதில்: இந்தியாவும் அயலவரும், எமது கிழக்கும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்தியாவின் அயலுறவைப் பற்றியவை. காரைதீவிலிருந்து வாழைச்சேனை வரை ஒரே விடயத்தை ஒவ்வொருவரும் தத்தம் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே அவற்றுள் சிலவற்றை இங்கே சேர்த்து எடுத்துக்கொண்டேன். வேறு பொருள்களில் எழுதியவர்களுக்கு அடுத்த இதழில் பதில் கிடைக்கும்.

விபுலானந்த அடிகள் எங்கள் ஊரிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். இந்தியாவுக்கும் எமக்கும் தொப்புள்கொடி உறவு என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அப்படியானால் புதுடில்லி ஒரு காலத்தில் எம்மை அணைப்பதும், இன்னொரு காலத்தில் பாராமுகமாக இருப்பதும் ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைதீவு

அம்மா, தாங்கள் சொல்லும் உறவு உண்மையானது. ஆனால் அது மக்களுக்கிடையே உள்ள உறவு. அடிகளார் சிதம்பரத்துக்கு அழைக்கப்பட்டது அவருடைய தமிழுக்காக. அதற்கும் எந்த அரசின் வெளிநாட்டுக் கொள்கைக்கும் சம்பந்தமில்லை. புதுடில்லியில் முடிவெடுப்போர் எம்மைப் பார்ப்பது வேறொரு சாளரத்தினூடாக. அந்தச் சாளரம் எது என்பதை அறிய 1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் கைச்சாத்தான இந்திய – இலங்கை உடன்படிக்கையை எடுத்து, அதன் கடைசிப் பக்கங்கள் வரை வாசிக்கவேண்டும்.

உடன்படிக்கையின் பிரதான பகுதி எல்லோருக்கும் தெரியும்: வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு, அதிகாரப் பகிர்வு, ஆயுத ஒப்படைப்பு. அன்றைய தினமே ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை வாசித்தவர்கள் எம்மிடையே குறைவு. திருகோணமலையையோ வேறெந்தத் துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை, திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பது, இலங்கையிலுள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவுத் தேவைகளுக்குப் பயன்படாதபடி பார்த்துக்கொள்வது என்பவையே அக்கடிதங்களின் பொருள். அதாவது, உடன்படிக்கையில் எழுதப்பட்டது எமது கவலை. கடிதங்களில் எழுதப்பட்டது இந்தியாவின் கவலை.

அதற்குப் பின்னர் இரண்டுக்கும் என்ன நடந்தது என்று பாருங்கள். மாகாணங்களின் இணைப்பை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது; 2007 ஜனவரி முதல் கிழக்கு தனி மாகாணம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின், ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடத்தப்படாமல் ஆளுநரே நிர்வாகம் செய்துவந்தார். கடிதங்களின் கதை வேறு. பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் ஆயிற்று: 14 தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 2024 டிசெம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுடில்லி சென்றபோது, இலங்கை மண்ணை இந்தியாவின் பாதுகாப்புக்கு ஊறு விளைக்கும் எந்தச் செயலுக்கும் பயன்படுத்த இடமளிக்கப்போவதில்லை என்று உறுதியளித்தார். 1987இன் கடிதத்தில் இருந்த வாக்கியம் 37 ஆண்டுகளின் பின்னரும் அப்படியே உயிருடன் இருக்கிறது.

1987 ஓகஸ்டில் நான் பள்ளிச் சிறுவன். உடன்படிக்கையின்படி அமைதி காக்க வந்த இந்தியப் படையினரின் வாகனங்கள் கல்லடிப் பாலத்தைக் கடந்து வந்த நாளில் வீதியோரம் நின்ற பெண்கள் மாலையும் கையுமாக இருந்தார்கள். யாரோ ஒருவர் குலையோடு இளநீர் கொண்டுவந்து இறக்கினார். வாகனத்திலிருந்து குனிந்து இளநீரை வாங்கிய ஒரு சிப்பாய், "தம்பி, இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?" என்று தமிழிலேயே என்னைக் கேட்டார். அந்தக் குரலைத் தொப்புள்கொடி என்றே நாங்கள் எல்லோரும் எண்ணினோம். ஒக்டோபரில் அப்படையினருக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. 1990 மார்ச்சில் அப்படை திருகோணமலையிலிருந்து கப்பலேறியபோது ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். எம்மவர் வீடுகளிலும் ஒப்பாரி ஓய்ந்திருக்கவில்லை. அணைப்பதும் பாராமுகமாக இருப்பதும் எம்மீதுள்ள அன்பு கூடிக் குறைவதால் நிகழ்பவை என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் நாம் மனமுடைந்துதான் போவோம். தன் தென்வாசலில் வேறொரு வல்லரசு வந்து குந்திவிடக் கூடாது என்ற அச்சமே அக்கொள்கையின் அச்சாணி. எமது பிரச்சினை அந்த அச்சத்தோடு சேர்ந்து ஓடும் காலத்தில் அணைப்பு. சேராத காலத்தில் பாராமுகம்.

2021 பெரும்போகத்தில் பசளையில்லாமல் நாங்கள் தவித்தபோது இந்தியாவிலிருந்து நானோ நைட்ரஜன் என்ற திரவப் பசளை போத்தலில் வந்தது. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையை எங்கள் அரசாங்கமே கிருமி இருக்கிறதென்று ஏற்கவில்லை. மறு சிறுபோகத்துக்கு யூரியா தந்ததும் இந்தியாதான். ஆபத்துக்கு உதவுபவர் யார் என்பது இதிலேயே விளங்கவில்லையா?
– விவசாயி, நாவிதன்வெளி

விளங்குகிறது, ஐயா. ஆனாலும் அந்த உதவிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அந்தப் போத்தலை நானும் மண்டூர்ப் பக்கத்து வட்டையொன்றில் உறவினர் ஒருவரிடம் கண்டேன். அரை லீற்றர் போத்தல். ஒரு மூடை யூரியா செய்யும் வேலையை அது செய்யும் என்று சொல்லப்பட்டது. சாக்கை இடுப்பில் அணைத்து, சேற்றில் நடந்தபடியே யூரியாவை வீசிப் பழகிய அந்த மனிதர், போத்தலின் மூடியால் அளந்து மருந்துத் தாங்கியில் ஊற்றும்போது அவருடைய முகத்தில் இருந்தது நம்பிக்கையா, வேறு வழியின்மையா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. அவ்வருட வேளாண்மை கரும்பச்சை ஏறவேயில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் தடுத்தது கொழும்பின் முடிவு. அதற்கு இந்தியாவும் பொறுப்பல்ல, சீனாவும் பொறுப்பல்ல. அந்த முடிவால் திறந்த இடைவெளியில்தான் ஒருவர் கப்பலோடும் மற்றவர் விமானத்தோடும் வந்தார்கள். இந்திய விமானப்படையின் சரக்கு விமானங்கள் 2021 நவம்பரில் அந்தத் திரவத்தைக் கொண்டுவந்து இறக்கின.

2022இல் நிலைமை வேறு. நாடு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்துவிட்டது. அவ்வேளையில் இந்தியா தன் நாட்டிலிருந்து யூரியா ஏற்றுமதி செய்யத் தடை இருந்தபோதிலும் 5.5 கோடி டொலர் கடன் வசதியில் 65,000 தொன் யூரியா கொடுத்தது. எரிபொருள், உணவு, மருந்து, நாணய மாற்று, பிற்போடப்பட்ட கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து அவ்வாண்டில் இந்தியா அளித்த ஆதரவு ஏறத்தாழ 400 கோடி டொலர். 2023 ஜனவரியில் சர்வதேச நாணய நிதியத்துக்குக் கடன் மறுசீரமைப்பு உத்தரவாதத்தை முதலில் எழுதிக் கொடுத்ததும் அந்நாடே. எந்த அயல்நாடும் எமக்கு இவ்வளவு விரைந்து உதவியதில்லை என்பதை மனந்திறந்து சொல்லவேண்டும்.

ஆனால் அந்த 400 கோடியில் மிகப் பெரும் பகுதி கடன். உங்கள் வட்டைக்கு வந்த யூரியாவும் கடனில் வந்ததே. தமிழ்நாட்டு அரசு அனுப்பிய 40,000 தொன் அரிசியும் பால்மாவும் மருந்தும் நன்கொடை. கடனையும் நன்கொடையையும் ஒரே சாக்கில் போட்டு "இந்தியா தந்தது" என்று பேசுவது எமது வழக்கமாகிவிட்டது. சீனாவைப் பற்றிப் பேசும்போதும் அதே தவறு நிகழ்கிறது: 2022/23 பெரும்போக அறுவடைக்கு விவசாயிகளுக்கு இலவசமாகப் பகிரப்பட்ட டீசல் சீனாவின் நன்கொடை. அதை எவரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

உதவியின் பின்னால் கணக்கு இருக்கிறதா என்றால், இருக்கிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது; 2022 ஓகஸ்டில், நாடு பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்த வேளையில், யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அங்கு வந்து தரித்தது. இலங்கை சரிந்தால் யார் கையில் விழும் என்ற கேள்வி புதுடில்லிக்கு உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. இருந்தாலும் எல்லாமே கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். 2004 டிசெம்பர் 26இல் கல்முனையும் மருதமுனையும் பாண்டிருப்பும் கடலுள் போன மறுநாளே இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இலங்கைத் துறைமுகங்களை வந்தடைந்தன. தன் சொந்தக் கரையில் பல்லாயிரம் பேரைப் பறிகொடுத்திருந்த நாடு அது. அப்போது அம்பாந்தோட்டையில் சீனத் துறைமுகம் இருக்கவில்லை.

இந்தியா நெருக்கினால் சீனாவைக் காட்டலாம், சீனா நெருக்கினால் இந்தியாவைக் காட்டலாம். இருவரையும் வைத்துக் காரியம் சாதிப்பதுதானே சிறிய நாட்டின் சாமர்த்தியம்?
– வங்கி உத்தியோகத்தர், மட்டக்களப்பு

நீங்கள் தினமும் வேலைக்குப் போகும் வழியில் கோட்டை இருக்கிறது. அடுத்த முறை வாவிப் பக்கம் நின்று அதன் பீரங்கிகளைச் சற்றுப் பாருங்கள்.

போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை அது. அவர்களை விரட்ட வழி தேடிய கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். 1638 மே மாதத்தில் மன்னனின் படையும் ஒல்லாந்தரின் கப்பல்களும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தன. ஒல்லாந்தர் இலங்கையில் முதன்முதலில் கைப்பற்றிய கோட்டை எங்கள் புளியந்தீவுக் கோட்டையே. சில நாட்களில், மே 23ஆம் திகதி, இதே மட்டக்களப்பில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. பிடிபடும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்று மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதி சொன்னது. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் "மன்னன் விரும்பினால்" என்பது இல்லை. அந்த ஒரு சொற்றொடர் இல்லாமற் போனதன் விலையாக 1796 வரை கரையோரம் ஒல்லாந்தரிடம் இருந்தது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு. அது பிறந்தது இந்தக் கதையிலிருந்துதான் என்பார்கள்.

இன்றைய விளையாட்டிலும் இதே போக்கைக் காண்கிறேன். கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பானுடன் சேர்ந்து அமைப்பதாக 2019இல் ஒப்புக்கொண்டுவிட்டு 2021 பெப்ரவரியில் கைவிட்டார்கள். அதற்கு ஈடாக மேற்கு முனையம் இந்திய நிறுவனம் ஒன்றிடம் சென்றது. அம்பாந்தோட்டை ஒருவரிடம், மேற்கு முனையம் மற்றவரிடம். இருவரையும் வைத்துக் காரியம் சாதித்ததாகத் தொடங்கிய கதை, இருவருக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்ததாக முடிந்திருக்கிறது. வல்லரசுகளை வைத்து விளையாடவேண்டுமானால் ஒவ்வொரு தாளையும் இரு மொழியிலும் வாசிக்கக்கூடிய அதிகாரிகளும், வாசித்ததைப் பாராளுமன்றத்தில் வைக்கும் துணிவும் வேண்டும். அவை இரண்டும் எம்மிடம் போதியளவு இருக்கவில்லை. பெரிய வல்லரசின் சூழ்ச்சியே வேண்டும் என்றுமில்லை. டென்மார்க்கின் கடனில் கட்டி 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்துக்கொண்டதையும், ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்ததையும் நாம் கண்ணாற் கண்டிருக்கிறோம்.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். "அயலவருக்கு முதலிடம்" என்ற இந்தியக் கொள்கை மற்ற அயல்நாடுகளில் எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று விளக்குவீர்களா?
– மாணவன், களுவாஞ்சிகுடி

தம்பி, பரீட்சைக்கு இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1996இல் வெளிவிவகார அமைச்சராக இருந்த ஐ.கே. குஜ்ரால், சிறிய அயல்நாடுகளுக்கு இந்தியா செய்வதற்குப் பதிலுக்குப் பதில் எதிர்பார்க்கக் கூடாது என்ற கோட்பாட்டை முன்வைத்தார். கங்கை நீரைப் பகிர்வது பற்றிப் பங்களாதேஷுடன் செய்த 30 ஆண்டு ஒப்பந்தம் அவ்வாண்டினது. 2014 மே மாதத்தில் நரேந்திர மோடி, தெற்காசிய அமைப்பான சார்க்கின் நாட்டுத் தலைவர்களைத் தம் பதவியேற்புக்கு அழைத்து, "அயலவருக்கு முதலிடம்" என்பதைத் தம் ஆட்சியின் கொள்கையாக்கினார்.

அக்கொள்கை மிக அழகாக வெளிப்பட்ட இடம் பங்களாதேஷ் எல்லை. ஒரு நாட்டின் உள்ளே மற்ற நாட்டின் துண்டு நிலங்களாக 162 இடங்கள் கிடந்தன. அவற்றுள் ஒன்று, பங்களாதேஷினுள் இருந்த இந்தியத் துண்டினுள் இருந்த பங்களாதேஷ் துண்டினுள் இருந்த இந்தியத் துண்டு! பாடசாலைக்குப் போகும் பிள்ளை நாடு விட்டு நாடு தாண்டவேண்டிய நிலை. 2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் அவற்றைப் பரிமாறிக்கொண்டன. எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்பதை அம்மக்களே தெரிவு செய்தார்கள். பரிமாற்றத்தில் இந்தியா கொடுத்த நிலம் பெற்ற நிலத்திலும் அதிகம். ஒரு பெரிய நாடு இப்படிச் செய்வது அரிது.

அதே ஆண்டின் செப்டெம்பரில், அதே இந்தியா, நேபாளத்தில் வேறொரு முகத்தைக் காட்டியது. ஏப்ரல் மாத நிலநடுக்கத்திலிருந்து எழும்பாத நிலையில் நேபாளம் புதிய அரசியலமைப்பை நிறைவேற்றியது. தென்சமவெளி மாதேசி மக்களுக்கு அதில் நியாயம் கிடைக்கவில்லை என்பது இந்தியாவின் மனக்குறை. எல்லையில் எரிபொருள் வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. மாதேசி ஆர்ப்பாட்டக்காரர்களே வழியை மறித்தார்கள் என்று இந்தியா சொன்னது. காத்மண்டுவில் அதை நம்பியவர்கள் சிலரே. மறு ஆண்டு மார்ச்சில் நேபாளப் பிரதமர் பீஜிங் சென்று, சீனத் துறைமுகங்கள் வழியாகச் சரக்கு எடுப்பதற்கான ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார். மாதேசிகளின் குறையும் தீரவில்லை. சிறுபான்மை மக்களுக்காக ஒரு பெரிய அயல்நாடு கொடுக்கும் அழுத்தம் எந்த வடிவில் வந்தால் பயன் தராது என்பதற்கு, கிழக்கிலங்கையில் வாழும் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய உதாரணம் அது.

மாலைதீவை விரைவாகச் சொல்கிறேன். 1988இல் அங்கு நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை இந்தியப் படை முறியடித்தது. அதில் ஈடுபட்ட கூலிப்படையினர் இலங்கைத் தமிழ் இயக்கமொன்றைச் சேர்ந்தவர்கள் என்பது எமக்கு வேதனையான செய்தி. 2023இல் "இந்தியாவே வெளியேறு" என்ற முழக்கத்தோடு முகமது முய்சு ஜனாதிபதியானார். 2024 மே மாதத்துள் இந்தியச் சிப்பாய்கள் வெளியேறினார்கள். இந்தியா கோபித்துக்கொண்டு கதவை அடைக்காமல் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே 40 கோடி டொலர் நாணய மாற்று வசதி கொடுத்தது. 2015இல் நேபாளத்தில் விட்ட பிழையிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று இதை நான் கருதுகிறேன்.

பங்களாதேஷில் கற்க மறந்தார்கள். நட்பு முழுவதையும் ஷேக் ஹசீனா என்ற ஒருவர்மேல் வைத்திருந்தார்கள். 2024 ஓகஸ்ட் 5இல் அவர் இந்தியாவுக்குத் தப்பியோடியபோது பல ஆண்டு உழைப்பும் ஆட்டம் கண்டது. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்னர், பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனங்கள் வைத்திருந்த அநுர குமார திசாநாயக்கவைப் புதுடில்லி அழைத்து உரையாடியது. செப்டெம்பரில் அவர் ஜனாதிபதியானார்.

சார்க் அமைப்பு இப்போதும் இருக்கிறதா?
– வாசகர், திருக்கோவில்

காத்மண்டுவில் செயலகம் இருக்கிறது; உச்சிமாநாடு இல்லை. கடைசி மாநாடு 2014இல் நடந்தது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்தது, காஷ்மீரின் ஊரி இராணுவ முகாம் தாக்கப்பட்ட பின் இந்தியா விலக, மற்ற நாடுகளும் விலகிக்கொண்டதால் கைவிடப்பட்டது. பாகிஸ்தான் இல்லாத வங்காள விரிகுடா நாடுகளின் அமைப்பான பிம்ஸ்டெக்கை இந்தியா இப்போது முன்னிறுத்துகிறது.

வடக்கில் இந்திய இழுவைப் படகுகளால் மீனவர் படும் பாட்டைக் கேள்விப்படுகிறோம். எங்கள் ஆழ்கடல் படகுகளும் எல்லை தாண்டினால் இந்தியாவில் பிடிபடுகின்றன. இதற்கு டில்லியால் ஒரு முடிவு காட்ட முடியாதா?
– படகோட்டி, வாழைச்சேனை

டில்லியால் மட்டும் முடியாது என்பதே சிக்கல். கடல் எல்லை 1974, 1976 உடன்படிக்கைகளால் வரையறுக்கப்பட்டது, அதில் மயக்கமில்லை. ஆனால் மீனவர் பிரச்சினை சென்னையின் வாக்கு அரசியலோடு பின்னிக் கிடக்கிறது. மேற்கு வங்கத்தின் எதிர்ப்பால் பங்களாதேஷுடனான டீஸ்டா நதிநீர் ஒப்பந்தம் 2011இல் நின்றதுபோல, தமிழ்நாட்டை மீறி இழுவைப் படகுகளை நிறுத்த எந்த இந்திய அரசும் இலகுவில் துணியாது; 285 ஏக்கர் கச்சதீவு தேர்தல் வந்தால் மேடையேறுவதும் அதனாற்றான். இலங்கை 2017இல் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடுத்தது. 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைதானார்கள். கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவை மடியையும், மீன் கூட்டத்தைத் தொடர்ந்து எல்லையைத் தாண்டிவிடும் உங்கள் வலையையும் நான் ஒன்றாக எடைபோடமாட்டேன். ஆனால் மறுகரையின் நீதிமன்றத்தில் இரண்டும் அத்துமீறலே.

இந்தியத் தூதுவர்கள் கிழக்குக்கு வந்தால் தமிழ்க் கட்சிகளோடு பேசுகிறார்கள். 1987 உடன்படிக்கையின்போது முஸ்லிம்களிடம் எவரும் கேட்கவில்லை என்று என் தகப்பனார் சொல்வார். இந்தியாவின் பார்வையில் கிழக்கு முஸ்லிம்கள் எங்கே நிற்கிறார்கள்?
– பல்கலைக்கழக மாணவி, சாய்ந்தமருது

சகோதரி, உங்கள் தகப்பனார் சொன்னது சரி. உடன்படிக்கையின் முகவுரை சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று நான்கு இனத்தவரையும் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதை எழுதும் மேசையில் முஸ்லிம்களுக்குக் கதிரை இருக்கவில்லை. இரு மாகாணங்களும் இணைந்திருப்பதா இல்லையா என்பதைக் கிழக்கு மக்கள் 1988 டிசெம்பர் 31க்குள் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள் என்று எழுதப்பட்டது; அந்த வாக்கெடுப்பு ஆண்டுக்காண்டு பிற்போடப்பட்டு, ஒருபோதும் நடக்கவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கில் தமிழர் ஏறத்தாழ 40 வீதம், முஸ்லிம்கள் 37 வீதம், சிங்களவர் 23 வீதம். இப்படிப்பட்ட மாகாணத்தை வடக்கின் நீட்சியாக வாசித்தது புதுடில்லியின் பெருந்தவறு. எமது தமிழ்த் தலைமைகள் அந்த வாசிப்பைத் திருத்த முன்வராததும் தவறே. தமிழனாக அதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இந்தியாவுக்குள் முஸ்லிம்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற செய்திகள் உங்கள் வீட்டில் எழுப்பும் மனத்தாங்கலை நான் அறிவேன். அதோடு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டம் ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதோருக்கு வழி திறந்தது. அதில் முஸ்லிமுக்கு இடமில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டாய் வாழும் ஏறத்தாழ 58,000 இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் இடமில்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. கிழக்குக்கு வரும் தூதுவரிடம் அவ்விரண்டு ஊரவரும் ஒரே மனுவோடு போன ஒரு நாளை நான் இன்னும் காணவில்லை. காணவேண்டும் என்பது என் பேராசை.

2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது கிழக்கு மாகாணத்துக்கு நன்கொடை அறிவிக்கப்பட்டதே, அதில் எங்கள் பக்கத்துக்கு என்ன வரும்?
– கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர், கிரான்

அன்று அறிவிக்கப்பட்ட தொகை 240 கோடி இலங்கை ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கிறது. 2012 கணக்கில் மாகாணத்தின் சனத்தொகை 15½ இலட்சம். தலைக்குப் பிரித்தால் ஏறத்தாழ 1,550 ரூபாய் வரும். படுவான்கரையின் ஒரு சில வீதிகளையும் வைத்தியசாலைகளையும் திருத்தலாம். மாகாணத்தின் வறுமையை மாற்றாது. அதே நாளில் பாதுகாப்பு ஒத்துழைப்பு பற்றிய ஒப்பந்தமும் கைச்சாத்தானது. சம்பூரில் 120 மெகாவொற் சூரிய மின்நிலையத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. உடன்படிக்கையும் கடிதங்களும் ஒருசேர வந்த 1987 போலவே, கிழக்கின் நன்கொடையும் நாட்டின் பாதுகாப்பு ஒப்பந்தமும் ஒரே மேசையில் ஒப்பமிடப்பட்டன.

உங்கள் சங்கம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இது கடனல்ல, நன்கொடை; எந்தத் திட்டம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எவ்வளவு தொகை என்ற பட்டியல் எமது அரச நிறுவனங்களின் கையில் இருக்கவேண்டிய ஆவணம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் கேட்டால் வெளிநாட்டு உறவைக் காரணம் காட்டி மறுக்க அதே சட்டத்தில் இடமுண்டு; திட்டப் பட்டியலை அவ்விதம் மறுப்பது கடினம். ஆகவே இரண்டையும் ஒரே தாளில் கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் பெறுநராக மாவட்டச் செயலகத்தின் தகவல் அலுவலரைக் குறிப்பிட்டு, கையளித்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் பட்டியலின் பிரதியொன்றை எமக்கும் அனுப்பினால், இந்தப் பக்கத்தில் முழுமையாக வெளியிடுவேன்.